பொழிச்சலூரிலிருந்து புழல் வரை

பல்லாவரத்தில் மின்சார ரயிலை விட்டிறங்கி, பம்மல் சாலையில் சிறிது தூரம் சென்று திரும்பினால் பொழிச்சலூர் வந்துவிடும். ஊருக்கு ஒருபுறம் மீனம்பாக்கம் விமான நிலையத்தின் மதில். மற்றொரு புறம் அடையாறு. பேசிக்கொண்டிருக்கும்போதே வானூர்தி ஒன்று தலைக்கு மேல் இரைந்து செல்லும். அது போகும்வரை வாய்மூடியிருந்து, விட்ட சொல்லிலிருந்து தொடர்வது இவ்வூராரின் பழக்கம். சனிக்கிழமைகளில் வெளியூரார் கூட்டம் மிகுதி. இங்குள்ள அகத்தீசுவரர் ஆலயத்தை ‘வட திருநள்ளாறு’ என்று வழங்குவர். சனி தோஷம் நீங்க எள் தீபம் ஏற்ற வருவோர் பலர்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாறு கரைபுரண்டபோது ஆற்றோரத்து வீடுகளுக்குள் நீர் புகுந்தது. பாத்திரம் பண்டங்களோடு குடும்ப அட்டைகளும் பத்திரங்களும் போயின. “காகிதம் போனால் போகட்டும், உயிர் இருக்கிறதே!” என்று ஆறுதல் கூறியவர்களுள் நாங்களும் உண்டு. காகிதத்தின் அருமை எங்களுக்குப் பின்னர்தான் விளங்கிற்று.

கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்திய வாரம் நாங்கள் அறுவர் புழல் மத்திய சிறைக்குப் புறப்பட்டோம். மரியாயின் சேனையினர் மூவர், வின்சென்ட் தே பவுல் சபையினர் இருவர், எச்சபையிலும் சேராத ஆசிரியை ஒருவர். சேனையின் மூத்த அம்மையார் எங்களோடு வந்தது எங்களுக்கே வியப்பு. இரண்டாண்டுகளுக்கு முன் அவர் வீட்டு வாசலிலேயே, கோலம் போட்டுக்கொண்டிருந்தவரின் கழுத்துச் சங்கிலியைப் பறித்துச் சென்றிருந்தனர். “போய் அந்த முகங்களைப் பார்க்க வேண்டும்” என்றார். எதற்காக என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

ரயில் பரங்கிமலையைக் கடக்கும்போது வழக்கம்போல் சிலுவை வரைந்துகொண்டோம். பூங்கா நிலையத்தில் இறங்கினால் அரசுப் பொது மருத்துவமனை. அதன் அருகேதான் 1837ஆம் ஆண்டு முதல் சென்னை மத்திய சிறை இருந்தது. 2006இல் கைதிகளைப் புழலுக்கு மாற்றினர். 2009இல் பழைய கட்டடத்தை இடித்தனர். அந்நிலம் மருத்துவக் கல்லூரிக்குச் சென்றது. சிறை நகரின் நடுவே இருந்தவரை, அவ்வழியே போகும் எவரும் அந்த மதிலைப் பார்த்தே ஆக வேண்டும். இன்று செங்குன்றம் செல்லும் பேருந்தில் ஏறி, மாதவரத்தையும் தாண்டிப் போகவேண்டும். பொழிச்சலூரில் கூலிவேலை செய்யும் ஒரு தாய்க்கு, மகனைக் கம்பிக்குப் பின்னால் சில நிமிடம் காண ஒருநாள் கூலி போய்விடும்.

நம் நாட்டில் இந்தச் சிறைப்பணி அமைப்பாக உருப்பெற்றது 1981இல். கோட்டயம் வடவாதூர் குருமடத்தில் பயின்ற வர்கீஸ் கரிப்பேரி, பிரான்சிஸ் கொடியன் எனும் இரு மாணவர்கள் தொடங்கியது அது. அவுஷ்விட்ஸ் முகாமில் மற்றொருவனுக்குப் பதிலாகத் தம் உயிரைத் தந்த புனித மாக்சிமிலியன் கோல்பேயே இப்பணிக்குப் பாதுகாவலர். ஆகஸ்டு இரண்டாம் ஞாயிறன்று கோவில்களில் சிறைப்பணிக்காகக் காணிக்கை எடுப்பதை வாசகர்கள் அறிவார்கள். காணிக்கை போடுவது எளிது. நாங்களும் ஆண்டுதோறும் போட்டவர்கள்தாம்.

பெயர்ப் பட்டியலை முன்கூட்டியே அளித்து அனுமதி பெற்றிருந்தோம். கைப்பேசிகளை வாயிலில் ஒப்படைத்தோம். உள்ளே தண்டனை பெற்றோருக்கு ஒரு பகுதி, விசாரணையில் இருப்போருக்கு ஒன்று, பெண்களுக்குத் தனியே ஒன்று. எங்களுக்கு அனுமதி கிடைத்தது விசாரணைக் கைதிகளின் பகுதிக்கு. “என்ன குற்றம் என்று கேட்காதீர்கள்” என்று உடன்வந்த குருவானவர் எச்சரித்திருந்தார். நல்ல விதிதான். ஆனால் அது கேட்பவனுக்கும் ஒரு வசதி என்பதை மறைப்பானேன்?

பாடல்கள் முடிந்து கேக் துண்டுகளைக் கொடுத்துக்கொண்டிருக்கையில் ஓர் இளைஞன் அருகே வந்தான். இருபது வயதிருக்கும்.

“ஐயா, நீங்க பொழிச்சலூரா? விமானச் சத்தம் கேட்டா பேச்சு நின்னுடும்னு சொன்னீங்களே.”

எங்கள் ஊரான், நம் மறையைச் சேர்ந்தவன் அல்லன். ஜாமீன் கிடைத்து நாற்பது நாளாகிறது என்றான். பிறகு ஏன் இங்கே இருக்கிறாய் என்று கேட்டோம். எங்கள் அறியாமை அவனுக்கே சிரிப்பை வரவழைத்தது.

“ரெண்டு ஆளு கையெழுத்துப் போடணும் ஐயா. அம்மாகிட்ட, நான் நல்லா இருக்கேன்னு மட்டும் சொல்லிடுங்க.”

அவன் தாயைக் கண்டோம். சனிக்கிழமைகளில் ஆலய வாயிலில் எள் தீபம் விற்பவர். வாடகைக் குடிசை, அவர் பெயரில் வீட்டுவரி ரசீது ஏது? “ஒருத்தர் ரத்த சொந்தமாம், என் தம்பி வரான். இன்னொரு ஆளுக்கு நான் எங்க போவேன்? எங்களுக்கு யாரு வருவா?” என்றார். பிணை நிற்பவர் நிழற்படம் ஒட்டி, இடக்கைப் பெருவிரல் ரேகை பதித்து, ஆதார் நகல் தரவேண்டும். சொத்துக்கான சான்றும் கேட்கிறார்கள். அவன் தவணைக்கு வராவிட்டால் அத்தொகையை அவரிடமே வசூலிக்கலாம்.

இது ஒருவன் கதையன்று. 2022ஆம் ஆண்டு இறுதியில் நம் நாட்டுச் சிறைகளில் இருந்தோர் 5,73,220 பேர். அவர்களுள் 4,34,302 பேர், அதாவது நால்வரில் மூவர், விசாரணைக் கைதிகள். அவர்களுள் ஜாமீன் கிடைத்தும் ஆளில்லாமல் கிடப்போர் உண்டு. 1978இலேயே மோதிராம் என்னும் கொத்தனாரின் வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. பத்தாயிரம் ரூபாய்க்குப் பிணை கேட்ட நீதிபதி, அவர் சகோதரர் வேறு மாவட்டத்தார் என்பதால் ஏற்க மறுத்தார். நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் அதைக் கண்டித்து, ஆயிரம் ரூபாய்க்கு அவருடைய சொந்தப் பிணையிலேயே விடுவிக்கச் செய்தார். ஜாமீன் கிடைத்து ஏழு நாளில் வெளிவராதவரைப் பற்றிச் சட்ட உதவி ஆணையத்துக்குச் சிறை அதிகாரி தெரிவிக்க வேண்டும் என்றும், ஒரு மாதத்துக்குள் பிணை தர இயலாதவரின் நிபந்தனைகளை நீதிமன்றமே தளர்த்தலாம் என்றும் 2023 ஜனவரியில் உச்சநீதிமன்றம் பணித்தது. ஏழைக் கைதிகளின் ஜாமீனுக்கு உதவும் மத்திய அரசுத் திட்டமும் அவ்வாண்டே வந்தது. இவையெல்லாம் அத்தாய்க்குத் தெரியாது. எங்களுக்கும் அதுவரை தெரியாது.

கோவில் முற்றத்தில் கூடிப் பேசினோம். இங்கே உண்மையைச் சொல்லிவிட வேண்டும். உள்ளே சென்று பாடிய அறுவரில் எவரும் ‘நான் கையெழுத்திடுகிறேன்’ என்று சொல்லவில்லை. ஒருவருக்கு மகளின் திருமணம். ஒருவருடைய வீடு தம்பியோடு கூட்டுப் பெயரில். ஆசிரியைக்கு வாடகை வீடு. “அவன் ஓடிப்போனால்?” என்ற கேள்வி எல்லாரிடமும் இருந்தது. மூத்த அம்மையார் வெளிப்படையாகவே, “என் சங்கிலியை அறுத்தவனும் இப்படித்தான் ஒரு தாய்க்கு மகனாக இருந்திருப்பான். அதற்காக நான் கையெழுத்திட வேண்டுமா?” என்று கேட்டார். தவறென்று எப்படிச் சொல்வது? அவர் கழுத்தில் தழும்பு இன்னும் இருக்கிறது.

ஆசிரியைதான் புனித பவுல் பிலமோனுக்கு எழுதிய திருமுகத்தை எடுத்தார். பவுலின் திருமுகங்களுள் மிகச் சிறியது. சிறையில் இருந்துகொண்டே, ஒனேசிம் என்னும் அடிமைக்காகப் பரிந்து, அவன் பட்ட கடனைத் தாமே தீர்ப்பதாகத் தம் கைப்பட எழுதிக் கொடுக்கிறார் அப்போஸ்தலர். நாம் அதைக் கோவிலில் வாசிக்கக் கேட்டிருக்கிறோம். பிணைப் பத்திரமாக ஒருநாளும் கேட்டதில்லை. அன்றும் எவரும் முன்வரவில்லை. கலைந்து போனோம்.

மூன்று வாரம் அப்படியே சென்றது. அந்த மூன்று வாரமும் எங்கள் தயக்கத்தின் கணக்கில் அவன் உள்ளே இருந்தான். பின்னர் ஒரு திங்கட்கிழமை, வின்சென்ட் தே பவுல் சபையின் ஓய்வுபெற்ற அன்பர் ஒருவர், மனைவியிடம் இரண்டு நாள் வாதாடிய களைப்போடு, வீட்டுவரி ரசீதை எடுத்துக்கொண்டு வந்தார். தாய்மாமன் முதல் ரயிலிலேயே வந்திருந்தார். நீதிமன்ற வராந்தாவில் காலை பத்து மணி முதல் மாலை நான்கு மணி வரை. பெருவிரலில் மை காய்வதற்குள் துடைக்கத் துணியில்லாமல் வேட்டியில் துடைத்துக்கொண்டார் எங்கள் அன்பர்.

மறுநாள் மாலை புழல் வாயிலில் காத்திருந்தோம். சிறைவாசிகள் நடத்தும் பெட்ரோல் நிலையம் புழலில் உண்டு. பெண் கைதிகளே நடத்தும் நிலையம் 2023இல் திறக்கப்பட்டது. அதைப் பற்றிப் பேசிப் பொழுதைக் கழித்தோம். திருத்தந்தை பிரான்சிஸ், இறப்பதற்கு நான்கு நாள் முன்பு, 2025 பெரிய வியாழனன்று, பாதம் கழுவ உடல் இடந்தராத நிலையிலும் உரோமைச் சிறைக்குச் சென்றதை ஒருவர் நினைவுகூர்ந்தார். மூத்த அம்மையாரும் வந்திருந்தார். அவர் பேச்சில் கலந்துகொள்ளவில்லை. டப்பாவில் தயிர்ச்சோறு கொண்டுவந்திருந்தார்.

இருட்டியபின் அவன் வந்தான். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. தாய் அவனை ஒரு சொல்லும் சொல்லாமல் தலையில் குட்டினார். அம்மையார் டப்பாவை நீட்டினார். அவன் நின்றுகொண்டே உண்டான்.

வழக்கு இன்னும் முடியவில்லை. எங்கள் அன்பரின் வீட்டில், பங்குக் கோவில் நாட்காட்டியில், திருவிழாக்களுக்கிடையே அவனுடைய தவணை நாட்களும் சிவப்பு மையில் வட்டமிடப்பட்டுள்ளன. முந்திய மாலையே அவன் வாசலில் வந்து நின்று, “ஐயா, நாளைக்குக் கோர்ட்டு” என்று சொல்லிவிட்டுப் போகிறான்.