ஐலெட் அடிக்கும் அக்காக்கள்

சிவகாசித் தினசரிக் காலண்டரை ஆணியில் மாட்டுகிறோம். அட்டையின் தலைமாட்டில் இருக்கும் அந்தச் சின்ன உலோக வளையத்தை யாரும் கவனிப்பதில்லை. ஐலெட். செருப்புத் தைப்பவருக்கும் ஃப்ளெக்ஸ் பேனர் கட்டுபவருக்கும் பழக்கமான சாமான். நகைக்கடைப் பையில் கயிறு நுழையும் இடத்திலும், கையால் செய்த ஆல்பத்தில் ரிப்பன் கோக்கும் ஓட்டையிலும் இருப்பது அதுவேதான். அதைக் காகிதத்தில் பதிப்பவர்களைப் பார்க்கத்தான் ஓசூர் போனேன்.

ஓசூர் என்றதும் லாரியும் பைக்கும் கைக்கடிகாரமும்தான் நினைவுக்கு வரும். டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் கூட்டாக 1984-இல் தொடங்கிய டைட்டன், டி.வி.எஸ்., அசோக் லேலண்ட் என்று பெரிய ஆலைகள் வந்தன. அவற்றை நம்பி டூல்ரூம்களும் பிரஸ் பட்டறைகளும் தெருத்தெருவாக முளைத்தன. காகிதப் பைக்குக் காலம் பிறந்தது பிறகுதான். கர்நாடகம் 2016-இல் பிளாஸ்டிக் பைக்குத் தடை போட்டது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. எல்லையிலுள்ள ஜூஜுவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, அப்புறம் பெங்களூருதான். ஆர்டர் அங்கிருந்து வருகிறது, வேலை இங்கே நடக்கிறது.

மூக்கண்டப்பள்ளிப் பக்கம் தகரக் கூரை போட்ட ஒரு கூடம். முன்பக்கம் பை, பின்பக்கம் ஸ்கிராப்புக் ஆல்பம். எல்லாம் பெண்கள், பெரும்பாலும் நாற்பதைத் தொட்டவர்கள். சின்ன வயதுப் பெண்களைக் கம்பெனி பஸ் அள்ளிக்கொண்டு போய்விடுகிறது. இந்தப் பக்கத்தில்தான் டாடா எலக்ட்ரானிக்ஸ் ஐபோனுக்கு உறை செய்கிறது. மிச்சம் இருப்பவர்கள் தங்களுக்குள் தெலுங்கில் பேசுகிறார்கள், சூப்பர்வைசரிடம் தமிழ். பெங்களூரிலிருந்து போன் வந்தால் கன்னடம்.

ஆல்பம் மேசையில் இருந்த அக்கா புளியங்கட்டை மேல் அட்டையை வைத்து, ஓட்டை போடும் குழல் பஞ்ச் கருவியைச் செங்குத்தாகப் பிடித்துச் சுத்தியலால் ஒரே போடு போட்டார். புளியங்கட்டை எதற்கென்றால், கறிக்கடைக்காரர் வைத்திருக்கும் அதே காரணம்தான்: கருவியின் வாய் மழுங்காது. ஓட்டை ஐலெட்டின் கழுத்தைவிட ஒரு மயிரிழை பெரிதாக இருக்க வேண்டும். இறுக்கமாக இருந்தால் காகிதம் சுருங்கி மேடு தட்டும். தளர்ந்தால் பின்னால் பிய்த்துக்கொண்டு வந்துவிடும்.

பிறகு முகப்பு விளிம்பு கீழே இருக்கும்படி ஐலெட்டைக் குழிந்த அடி டையில் (அச்சில்) உட்கார வைத்து, கழுத்தின் மேல் அட்டையை இறக்கி, கால் பிரஸ்ஸை மிதித்தார். மேல் டையின் மூக்கு ஐலெட்டின் குழலுக்குள் இறங்க, கழுத்தின் நுனி வெளிப்பக்கம் விரிந்து சுருண்டு அட்டையைக் கவ்விக்கொண்டது. “அட்டைக்கு மேல ரெண்டு மில்லி நீட்டிட்டு நிக்கணும் சார். அதுக்குக் கொறைஞ்சா புடிக்காது, கூடுனா பல்லு பல்லா கிழிஞ்சுக்கும்.” கிழிந்த ஒன்றைத் தடவச் சொன்னார். விரல் அறுந்திருக்கும், நல்லவேளை, மெதுவாகத்தான் தொட்டேன்.

என்னைப் பொறுத்தவரை இந்தத் தொழிலின் சூட்சுமம் முழுக்க அந்த இரண்டு மில்லிமீட்டரில்தான் இருக்கிறது. 250 ஜிஎஸ்எம் அட்டை ஒரு கனம், இரண்டு மில்லி கிரே போர்டு இன்னொரு கனம். மழைக்காலத்தில் இரண்டுமே ஈரம் குடித்து ஊதும். அக்கா டையை மாற்றுவதில்லை. அதே அட்டையில் ஒரு கீற்று வெட்டி அடி டைக்குக் கீழே சொருகுகிறார், இல்லை உருவுகிறார். பட்டறை ஆட்கள் இதைப் பேக்கிங் என்பார்கள். அடுத்த தெரு டூல்ரூமில் இந்த மேல் டையைச் செய்துகொடுக்கும் மேஸ்திரி, மூக்கைச் சுற்றியுள்ள பள்ளத்தை எமரி பேப்பரில் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி ஆக்குகிறார். அதில் ஒரு கீறல் விழுந்தாலும் பித்தளை அங்கேதான் வெடிக்கும் என்றார். கார் பாகத்துக்கு டை போடுகிற கை, அதே கவனத்தோடு காகிதப் பைக்கும் போடுகிறது.

அக்காவின் மேசையில் ஒரு காந்தம் கிடந்தது. ஸ்பீக்கரிலிருந்து கழற்றியது. புது மூட்டை பிரிக்கும்போது முதல் வேலை, ஒரு பிடி ஐலெட்டைக் கொட்டி அதன்மேல் காந்தத்தைக் காட்டுவது. பித்தளையும் அலுமினியமும் அசையாது. ஒட்டினால் இரும்பு, மேலே நிக்கல் முலாம். பைக்கு அது போதும், தீபாவளிப் புடவையைச் சுமந்து வீட்டுக்குப் போனதும் அதன் ஆயுள் முடிந்தது. ஆல்பத்துக்கு ஆகாது. சுருளும் இடத்தில் முலாம் விரிசல் விட்டு, அங்கே ஈரம் ஏறித் துருப்பிடித்து, நாலைந்து வருடத்தில் படத்தின் ஓரத்தில் பழுப்பு வளையம் விழும். பித்தளையும் கறுக்கத்தான் செய்யும். ஆனால் இப்படித் துருக்கறை ஏற்றாது. வாங்குபவர்களோ நிறம் பார்த்து எடுக்கிறார்கள். ஆல்பம் வாங்கப் போகிறவர்கள் ஒரு காந்தம் கொண்டுபோவது நல்லது.

கூலி பீஸ் ரேட். ஓரம் கிழிந்த பீஸ் கணக்கில் சேராது. ஐலெட் மட்டமாக இருந்து கிழிந்தாலும் கழிவு அவர்கள் தலையில்தான். எனக்கு இதில்தான் கோபம் வந்தது. சரக்கு வாங்குவது முதலாளி, காந்தம் காட்டிச் சோதிப்பது அக்கா, நஷ்டமும் அக்காவுக்கா?

இப்போது காற்றில் இயங்கும் பிரஸ் ஒன்று வந்திருக்கிறது. இரண்டு பொத்தானையும் இரண்டு கையால் அழுத்தினால்தான் இறங்கும், விரல் மாட்டாது. அக்காவுக்கு அது பிடித்திருக்கிறது, முழங்கால் வலி விட்டது என்கிறார். ஆனால் அதிலும் அடி டைக்குக் கீழே அட்டைக் கீற்று எட்டிப் பார்க்கிறது. கிளம்பும்போது அவர் முதலாளியிடம் கத்திக்கொண்டிருந்தார்: வந்திறங்கிய மூட்டையில் பாதி காந்தத்தில் ஒட்டுகிறது, ஆல்பத்துக்கு வேறு சரக்கு வராமல் மேசையில் உட்கார மாட்டேன் என்று.