உமியும் அரிசியும் வேறு தலைமுறை

விழுப்புரம் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் வியாபாரி மூட்டைக்குள் கைவிட்டு ஒரு பிடி நெல்லை எடுப்பார். உள்ளங்கையில் தேய்த்து உமியை ஊதிவிட்டு அரிசியைப் பார்ப்பார். சன்னமா, வயிற்றில் வெள்ளை விழுந்திருக்கிறதா, அரைத்தால் குருணை ஆகுமா? விலை அங்கேயே படிந்துவிடும். ஏக்கருக்கு எத்தனை மூட்டை கண்டது என்பது விவசாயியின் கவலை. புது ரகம் உருவாக்குபவர் இருவருக்கும் ஒரே விதையில் பதில் சொல்லியாக வேண்டும்.

புது நெல் ரகங்களுக்கு ஆடுதுறை, கோவை ஆராய்ச்சி நிலையங்களைப் பார்க்க வேண்டும். 1998-ல் ஆடுதுறையிலிருந்து வெளியான ஏ.டி.டி. 43 நல்ல உதாரணம். ஐ.ஆர். 50-ன் குறைந்த வயதையும் வெள்ளைப் பொன்னியின் சன்னத்தையும் சேர்த்து எடுத்த ரகம். சுமார் 110 நாளில் அறுவடை.

வேலை பூவில் தொடங்குகிறது. மறுநாள் விரியப்போகும் பூக்களாகப் பார்த்து, முந்தின மாலை உமியின் மேல் மூன்றில் ஒரு பங்கைச் சாய்வாகக் கத்தரித்து, உள்ளிருக்கும் ஆறு மகரந்தப் பைகளையும் இடுக்கியால் எடுத்துவிடுவார்கள். கதிருக்கு எண்ணெய்க் காகித உறை. மறுநாள் முற்பகலில் ஆண் ரகத்தின் கதிரை அதன்மேல் உதறுவார்கள். பிடித்த விதை, வெட்டுப்பட்ட உமிக்கு வெளியே மூக்கை நீட்டிக்கொண்டு முற்றும்.

அந்த விதைகளின் வழிவந்த செடிகளில் உயரம், பூக்கும் நாள், ஆயிரம் மணி எடை ஆகியவற்றைப் பெருமளவு நம்பித் தெரிவு செய்யலாம். அவை பெற்றோரிடமிருந்து ஓரளவு ஒழுங்காகவே இறங்கும். ஒற்றைச் செடியின் மகசூல் அப்படியல்ல. வரப்போரச் செடி, உரம் கூடுதலாகக் கிடைத்த செடி எல்லாம் கண்ணை ஏமாற்றும்.

தரத்தில்தான் உண்மையான சிக்கல். உமி தாய்ச் செடியின் உறுப்பு. அரிசியின் நீளமும் பருமனும் அதற்குள் அடங்கியவை. ஆகவே கலப்பில் பிறந்த முதல் தலைமுறைச் செடியின் மணிகளெல்லாம் ஏறக்குறைய ஒரே வடிவில் இருக்கும். உள்ளிருக்கும் மாவுப்பொருளோ அடுத்த தலைமுறையைச் சேர்ந்தது. ஒரே கதிரில் அடுத்தடுத்த இரு மணிகள் வேறுவேறாகச் சமையலாம். கோவையில் பணியாற்றிய நெல் ஆய்வாளர் பார்னெல் 1921-லேயே இதற்கு நெருங்கிய ஒன்றைக் காட்டினார்: ஒட்டரிசி நெல்லையும் சாதா நெல்லையும் கலந்து பெற்ற செடியின் மகரந்தத்தில் அயோடின் விட்டபோது ஏறக்குறைய பாதி நீலமாகவும் மறுபாதி செம்பழுப்பாகவும் மாறியது.

அதனால் இரண்டாம் தலைமுறையில் வடிவத்தைப் பார்த்துத் தெரிவு செய்யலாம். சோற்றின் தரத்தை அப்போதே தீர்ப்பது வீண் அவசரம். சில தலைமுறை கழிந்து குணங்கள் நிலைத்தபின் அரிசியை 1.7 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் 23 மணி நேரம் போட்டுவைப்பார்கள். சில மணி அப்படியே கிடக்கும். சில பஞ்சாகப் பரவிக் கரையும். குறைந்த சூட்டில் வேகும் ரகம் எது என்று அதில் தெரியும்.

சன்னம் மட்டும் போதாது. பாபட்லாவின் பி.பி.டி. 5204 சந்தையில் அடித்துக்கொண்டு போகும். குலைநோயும் பாக்டீரியா இலைக்கருகலும் வந்தால் விவசாயி பாடு திண்டாட்டம். இலைக்கருகலுக்கு மட்டும் மூன்று எதிர்ப்பு மரபணுக்களைச் சேர்த்து, சோற்றுத் தரம் கெடாமல் பின்னாளில் அந்த ரகத்தை மேம்படுத்தினார்கள். மோட்டா என்பதற்காக ஏ.டி.டி. 37-ஐ யாரும் ஒதுக்கவுமில்லை. இட்லி அரிசிக்கு அந்தக் குண்டு நெல்லைத்தான் தேடுகிறார்கள்.