நான் விட்ட கிளி

சிங்கப்பூரில் யீஷூன் பக்கம் குடியிருந்தபோது, எதிர்வீட்டுக்காரர் வேலை முடிந்து நிரந்தரமாக ஊர் திரும்பினார். போகும்போது ஒரு கூண்டை என்னிடம் நீட்டினார். "நீங்கதான் பறவை பார்க்கப் போறவராச்சே அண்ணே, வெச்சுக்குங்க." உள்ளே நம்ம ஊர்ப் பச்சைக்கிளி. கழுத்தில் செந்தார் இருந்ததால் ஆண் என்று தெரிந்தது.

அப்போது தஞ்சாவூரிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்த அம்மாவுக்குக் கூண்டைப் பார்த்தாலே ஆகவில்லை. "அடைச்சு வெச்ச சீவனைத் திறந்துவிட்டா புண்ணியம்டா" என்றார்.

ஞாயிறு காலை, பூங்காவில் ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் கதவைத் திறந்தேன். கிளி வரவில்லை. கம்பியை அலகால் பற்றிக்கொண்டு, தலையைச் சாய்த்து என்னையே பார்த்தது. கூண்டைத் தட்டினேன். தத்தி வந்து வாசலில் நின்று, பிறகு ஒரே பாய்ச்சலாகக் கிளைக்குள் மறைந்தது. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்பினேன்.

சில மாதம் கழித்து சாங்கியில், அந்தி நேரத்தில் கிளிகள் அடைய வரும் இடத்தில் நின்றேன். இரைச்சலோடு வந்த கூட்டத்தில் செந்தார்க் கிளிகளும் இருந்தன. ஊர் ஞாபகத்தில் மனம் நிறைந்து, நோட்டில் 'பச்சைக்கிளி - 6' என்று எழுதினேன். கூட வந்த பெரியவர் எட்டிப் பார்த்தார்.

"இது இந்த ஊர்க் கிளியே இல்ல தம்பி. எல்லாம் கூண்டுலேர்ந்து வந்தது."

பட்டுப்போன ஒரு மரத்தைக் காட்டினார். பொந்து வாயில் நீண்டவால் கிளி ஒன்று உட்கார்ந்திருந்தது. இந்த மண்ணின் கிளி அதுதான். நெஞ்சு சிவந்த கிளிகள் இரண்டு, கறுப்பு மீசையோடு, மாறி மாறி அதன் வாலைக் கொத்தின. அவையும் கூண்டுப் பறவைகளின் வம்சம். கிளிகள் பெரும்பாலும் மரங்கொத்தி குடைந்ததையோ, மரம் தானே உளுத்த பொந்தையோதான் நம்பியிருக்கும். பொந்து குறைந்த ஊரில் ஒன்று குடியேறினால் இன்னொன்று வெளியேற வேண்டும். நீண்டவால் கிளி கடைசியில் பறந்துவிட்டது.

பெரியவர் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். காப்பித் தோட்டத்துப் புழுக்களைத் தின்னட்டும் என்று இலங்கையிலிருந்து மலேசியாவின் கிள்ளானுக்குக் காக்கையைக் கொண்டுவந்தார்கள், அது பரவியது. 1920களில் கூண்டில் வந்த ஜாவா மைனா இன்று சிங்கப்பூரில் எங்கும் இருக்கிறது. சொந்த ஜாவாவிலோ பிடித்துப் பிடித்தே அருகிவிட்டது. பறவைகள்மேல் குற்றமில்லை.

நான் அவரிடம் என் கிளியைப் பற்றிச் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது. கழுத்துத் தாரைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லத் தெரிந்த எனக்கு, கையால் ஊட்டி வளர்த்த கிளி எங்கே இரை தேடும், எந்தப் பொந்தைப் பிடிக்கும் என்று கேட்கத் தோன்றவில்லை. அது பட்டினியில் செத்திருக்கலாம். பிழைத்திருந்தால் யாரையாவது துரத்தியிருக்கலாம். இரண்டில் எதைப் புண்ணியக் கணக்கில் எழுதுவது? 2020லிருந்து அனுமதியில்லாமல் இப்படி விடுவது அங்கே சட்டப்படி குற்றம். நான் விட்டது அதற்கு முன்பு என்பதில் எனக்குப் பெருமை ஒன்றுமில்லை.

இப்போது என் நோட்டில் பெயர், எண்ணிக்கை தவிர 'எப்படி வந்தது' என்று ஒரு பத்தியும் உண்டு. அதில் முதல் வரி: பச்சைக்கிளி, ஆண், 1. நான் விட்டது.