கூப்பிட ஒரு பெயர்

வயிற்றில் பிள்ளை தங்கிய செய்தி வெளியே வந்ததும் வீட்டில் முதலில் கிளம்புவது பெயர்ப் பேச்சுத்தான். தொட்டில் யார் வாங்குவது, நாற்பது நாளும் யார் கூட இருப்பது என்பதெல்லாம் பிறகு. எங்கள் கிழக்கு மாகாணத்து வீடுகளில் கல்யாணத்தின் பின் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து விடுகிறார். பிள்ளை வளர்வது தாய் வழியாரின் கையில். ஆகவே பெயரிலாவது தங்களுக்கு ஒரு பங்கு வேண்டும் என்று தந்தை வழியார் எதிர்பார்ப்பது நியாயமே. இதை விளங்கிக் கொண்டால் பெயரால் வரும் மனத்தாங்கல்களில் பாதி குறைந்து விடும் என்பது என் எண்ணம்.

எங்கள் மூத்த பிள்ளைக்கு மூன்று பக்கத்திலிருந்து பெயர்கள் வந்தன. கணவரின் தங்கை கைத்தொலைபேசியில் ஒரு நீண்ட பட்டியல் அனுப்பினாள். எல்லாம் புதுப் பெயர்கள். கேட்க இனிமையாகத்தான் இருந்தன. ஒன்றுக்கு நேரே 'சுவனத்து மலர்' என்று பொருள் போட்டிருந்தது. எங்கள் பள்ளிவாசல் மௌலவியிடம் காட்டினோம். அவர் அகராதியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அப்படி ஒரு சொல்லே அறபியில் இல்லை என்றார். பட்டியலில் கிடைத்த பெயரைப் பட்டியலில் கண்ட பொருளை நம்பி வைப்பவர்கள், ஓர் அகராதியையோ அறபி தெரிந்த ஒருவரையோ கேட்டுவிட்டு வைப்பது நல்லது.

எனக்கும் கணவருக்கும் மர்யம் என்ற பெயரில் விருப்பம். திருக்குர்ஆனில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படும் ஒரே பெண் அவர்தான். அதிலும் எனக்குப் பிடித்தது, அந்தப் பெயரைச் சூட்டியது அவரது தாய் என்பது. ஆலஇம்ரான் அத்தியாயத்தில் அது வருகிறது. ஆண் பிள்ளையை எதிர்பார்த்து நேர்ச்சை வைத்திருந்த ஒரு தாய், பெண்ணைப் பெற்றதும் தானே பெயரிட்டு, இறைவனிடம் பாதுகாப்புத் தேடுகிறார். இந்த ஆயத்துகளைக் கர்ப்பிணியாக இருக்கும்போது ஓதிப் பாருங்கள் சகோதரிகளே, வேறு விதமாக இருக்கும்.

மாமி கேட்டது ஆஸியா. அது அவருடைய உம்மாவின் பெயர். மாமிக்கு ஒன்பது வயதிருக்கும்போது மௌத்தாகிப் போனவர். படமும் இல்லை. மாமியின் மூத்தாப்பா ஒரு பழைய கிதாபின் முதற் பக்கத்தில் பிள்ளைகளின் பெயரையெல்லாம் அறபுத் தமிழில் எழுதி வைத்திருந்தாராம். வீடு கடற்கரை ஓரத்தில் இருந்தது. 2004 டிசம்பர் 26 இல் வீட்டோடு கிதாபும் போய்விட்டது. மாமிக்குத் தாயைப் பற்றி மிஞ்சியது அந்தப் பெயர் ஒன்றுதான்.

உறவினர் ஒருவர் கூடத்தில் எல்லோரும் இருக்கும்போது, "அது கூடாத பெயர், நபியவர்களே மாற்றிய பெயர்" என்று சொல்லி விட்டார். மாமி ஒன்றும் பேசவில்லை. முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு எழும்பிப் போனார். பின்னேரம் தவறாமல் எனக்காக ஏதாவது சமைத்துக் கொண்டு வருகிறவர், இரண்டு கிழமை எங்கள் வீட்டுப் பக்கம் வரவேயில்லை. மௌத்தான தாய்க்குக் 'கூடாத பெயர்' என்று கேட்டால் யாருக்குத்தான் தாங்கும்?

என் கணவர் மறுபடியும் மௌலவியிடம் போனார். உறவினர் சொன்ன ஹதீஸ் உண்மையானதுதான். உமர் (ரழி) அவர்களின் மகள் ஒருவருக்கு இருந்த பெயரை நபி (ஸல்) அவர்கள் ஜமீலா என்று மாற்றினார்கள் என ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. ஆனால் அந்தப் பெயர் ஐன், ஸாத் எழுத்துகளால் ஆனது. 'மாறு செய்பவள்' என்று பொருள். பிர்அவ்னின் மனைவியின் பெயரோ அலிப், ஸீன் எழுத்துகளால் ஆனது. கொடுங்கோலனின் மாளிகைக்குள் ஈமானைக் காத்த பெண்மணி அவர். தமிழில் எழுதினால் இரண்டும் ஆஸியாதான்! நம் எழுத்தில் அறபியின் ஸீனுக்கும் ஸாதுக்கும் ஸாவுக்கும் 'ஸ' ஒன்றே. இதயமும் நாயும் நமக்குக் 'கல்ப்' ஆகிவிடுவது போலத்தான். பெயரைத் தமிழில் மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பதை அன்று தெரிந்து கொண்டோம்.

மௌலவி இரண்டு சொற்களையும் ஒரு கடதாசியில் அறபியில் எழுதிக் கொடுத்தார். கணவர் அதை மாமியிடம் கொண்டு போனார். மாமி தாய் இறந்ததும் தம்பி தங்கைமாரைப் பார்ப்பதற்காக மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். தமிழ் வாசிக்கத் தடுமாறுவார். ஆனால் குர்ஆனைச் சரளமாக ஓதுவார். கடதாசியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு இரண்டாவது சொல்லில் விரலை வைத்தாராம்.

"இதுதான் மகன் எங்கட உம்மா. அலிபுக்கு மேல ஒரு கோடு இருந்திச்சி. கிதாபுல நான் கண்ணால கண்டது."

அலிபின் மேல் வரும் அந்த வளைகோடு பிர்அவ்னின் மனைவியின் பெயருக்குத்தான் உண்டு. மற்றதற்கு இல்லை. கடல் கொண்டுபோன பக்கத்திலிருந்து ஒரு கோடு மாமியின் நினைவில் தங்கியிருந்தது. அன்று பின்னேரம் முருங்கையிலைச் சுண்டலோடு வந்தார்.

மர்யமையும் ஆஸியாவையும் நபி (ஸல்) அவர்கள் ஒரே ஹதீஸில் சேர்த்துப் புகழ்ந்திருக்கிறார்கள். புகாரியில் இருக்கிறது. எனவே ஏழாம் நாள் அகீகா கொடுத்து, முடி இறக்கி, மர்யம் ஆஸியா என்றே பெயர் வைத்தோம். நான் மர்யம் என்று கூப்பிடுகிறேன். மாமி மட்டும் ஆஸியா என்பார். பிள்ளை இரண்டுக்கும் திரும்புகிறாள்.

பதிவு விஷயத்தில் ஒரு வார்த்தை. பிறப்பை 42 நாட்களுக்குள் பதிய வேண்டும். கையெழுத்திடுமுன் பெயரை எழுத்தெழுத்தாக வாசித்துப் பாருங்கள். எங்களுக்கு முதலில் 'ஆசியா' என்று எழுதப்பட்டிருந்தது. பிள்ளை ஒரு கண்டமாகியிருப்பாள்! ஆங்கில எழுத்துக்கூட்டலையும் வீட்டிலேயே முடிவு செய்து கொண்டு போங்கள். பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில் ஒன்று, அடையாள அட்டையில் ஒன்று, பரீட்சைச் சான்றிதழில் இன்னொன்று என்று வைத்துக்கொண்டு அலைபவர்கள் நம்மில் எத்தனை பேர்!

இனிப் படிப்பு. வீட்டுப் படிப்பு எப்போது தொடங்குகிறது என்று கேட்டால், பெயர் வைத்த அன்றே என்பேன். 1995 இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர் குழந்தைகளிடம் சோதித்துப் பார்த்து, நாலரை மாதத்திலேயே குழந்தை தன் பெயரின் ஓசையை மற்றப் பெயர்களிலிருந்து பிரித்தறிகிறது என்று கண்டார்கள். அது தன்னைக் குறிக்கிறது என்று அப்போது தெரியாது. ஓசைதான் பழகியிருக்கிறது. பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசப் பேசத்தான் அது பழகும். ஆகவே குளிப்பாட்டும்போதும் பால் கொடுக்கும்போதும் பேச்சு வேண்டும். "இந்தா மர்யம், கைய நீட்டுங்க பாப்பம்" என்பது போதும்.

கணவரின் தங்கை, பிள்ளையிடம் ஆங்கிலத்திலேயே பேசுங்கள், பிறகு சர்வதேசப் பாடசாலைக்கு லேசாக இருக்கும் என்றாள். நல்லெண்ணத்தில்தான் சொன்னாள். ஆனால் எனக்கு ஆங்கிலத்தில் தெரிந்தது ஐம்பது வசனம். மாமிக்கு ஒன்றும் இல்லை. நான் ஐம்பது வசனத்தோடு ஒரு பிள்ளையை வளர்ப்பதா? கோபமும் கொஞ்சலும் கதையும் தாராளமாக வருகிற மொழியில்தான் பிள்ளையோடு பேச முடியும். மற்ற மொழிகள் அதன் மேல் ஏறும். கைத்தொலைபேசிப் பாட்டுகளையும் தள்ளி வைத்தேன். உலக சுகாதார ஸ்தாபனம் 2019 இல் வெளியிட்ட வழிகாட்டலில் ஒரு வயதுக்குக் கீழே திரையே வேண்டாம், இரண்டு வயது வரையும் அது நல்லதல்ல, அதன் பின் நாலு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேற்படக் கூடாது என்றிருக்கிறது. ஊரில் எல்லோர் கையிலும் இருக்கும்போது இது லேசில்லை என்பதும் தெரியும்.

மூன்று வயதில் முன்பள்ளியில் சேர்த்தோம். முதல் மாதமே கொப்பியில் பக்கம் பக்கமாக எழுதி வரச் சொன்னார்கள். பிள்ளை பென்சிலைக் கண்டாலே அழத் தொடங்கினாள். நான் போய், எழுத்து வேலையை வீட்டில் என் பாட்டுக்குச் செய்கிறேன், விளையாட்டையும் பாட்டையும் நீங்கள் கொடுங்கள் என்று பேசினேன். ஆசிரியை கொஞ்சம் முகம் சுளித்தார், ஒத்துக் கொண்டார். நம் நாட்டில் ஐந்து வயது பூர்த்தியான பிறகுதான் முதலாம் வகுப்பு. அதற்கு முன் ஏன் இந்த அவசரம்?

வீட்டில் கொப்பி இல்லை, சுளகுதான். அதில் இடியப்ப மாவைப் பரப்பி விரலால் எழுதுவோம். பிள்ளைக்கு எல்லா எழுத்தையும் விடத் தன் பெயரின் எழுத்தில்தான் ஆசை. மர்யம் என்பது கொம்பும் காலும் இல்லாத எழுத்துகள், புள்ளி மட்டும்தான். ய-வையும் புள்ளியையும் எடுத்துவிட்டுப் பார்த்தாள், 'மரம்' வந்து விட்டது! அன்று முற்றத்து மாமரத்திடம் போய், "நீ என்ட பேருக்குள்ள இருக்கிறாய்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

மாமி பக்கத்தில் இருந்து அதே பெயரை அறபியில் எழுதிக் காட்டினார். மீம், றா, யா, மீம். தொடங்குவதும் முடிவதும் ஒரே எழுத்து. ஆங்கிலத்திலும் அப்படித்தான், எம் தொடங்கி எம். இதைப் பிள்ளைதான் முதலில் கவனித்தாள், நானல்ல. அறபு எழுத்து முழுவதையும் மாமியிடம்தான் படித்தாள்.

பிறகு ஆஸியா. தமிழில் எப்படி எழுதுவது என்று மாமி என்னிடம் கேட்கவில்லை. பேத்தியிடம் கேட்டார். 'ஸி' பிள்ளைக்கும் வராது, மாமிக்கும் வராது. இருவரும் மாவை அழித்து அழித்து மூன்று நாள் எழுதினார்கள். நாலாம் நாள் மாமி தனியாக எழுதி முடித்துவிட்டு, சுளகை அசைக்காமல் அலுமாரிக்கு மேல் தூக்கி வைத்தார். அன்றிரவு எங்களுக்கு இடியப்பம் இல்லை.

இப்போது இருவரும் 'ஆ' வரிசையில் நிற்கிறார்கள். ஆடு, ஆமை, ஆலமரம் முடிந்து விட்டன. நேற்று மாமி 'ஆணம்' என்றார். முன்பள்ளிப் புத்தகத்தில் அந்தச் சொல் இல்லையாம். "அப்ப நாம எழுதுவம் வாப்பும்மா" என்று பிள்ளை மாவைத் தட்டிச் சமப்படுத்தினாள்.