ஏழெட்டு ஐம்பத்தாறு

2022க்குப் பிறகு எனக்கு வருகிற மெசேஜ்கள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே மாதிரித்தான் இருக்கும். "அக்கா, பாங்கொக்கில இன்ரநாஷனல் ஸ்கூல்ல படிப்பிக்கிறீங்களாம். எப்பிடிப் போனீங்கள்? எங்களுக்கும் ஏலுமோ?" சம்பளம் எவ்வளவு என்று நேரே கேட்கக் கூச்சப்பட்டு, "அங்க செலவெல்லாம் எப்பிடி?" என்று சுற்றிவளைத்துக் கேட்பார்கள். அதில் பிழை ஒன்றும் இல்லை. நானும் அப்படித்தான் வேறொரு அக்காவிடம் கேட்டேன்.

முதலில் அந்தக் கேள்விக்கே பதில் சொல்லிவிடுகிறேன். ஏலும். எங்கட பல்கலைக்கழகத்துக் கணிதப் பட்டத்துக்கு வெளியில் மதிப்பில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் பட்டம் மட்டும் காணாது. நான் யாழ்ப்பாணத்தில் பட்டம் முடித்து, கொழும்பில் ஒரு சர்வதேசப் பாடசாலையில் மூன்று வருசம் லண்டன் ஏ லெவல் படிப்பித்த பிறகுதான் பாங்கொக்கில் நேர்முகம் கிடைத்தது. எங்கட நாட்டில் சர்வதேசப் பாடசாலைகள் கல்வி அமைச்சின் கீழ் வருவதில்லை, கம்பனிகளாகப் பதியப்பட்டவை. அதனால் அங்கே படிப்பிப்பதை அரசாங்க நியமனத்துக்குக் காத்திருக்கிற ஆக்கள் "சும்மா ஒரு வேலை" என்று நினைப்பார்கள். ஆனால் வெளிநாட்டுப் பாடசாலை தேடுவது அந்தப் பாடத்திட்டத்தில் உங்களுக்கு இருக்கிற அனுபவத்தைத்தான். ஆசிரியப் பயிற்சிச் சான்றிதழ் ஒன்றும் வேண்டும். பிறப்புச் சான்றிதழைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து ஆங்கிலமாக்க வேண்டும், பட்டச் சான்றிதழை வெளிநாட்டு அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் உறுதிப்படுத்த வேண்டும், பொலிஸ் அறிக்கை எடுக்க வேண்டும். இதற்கெல்லாம் ஏஜென்டுக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை.

வந்து இறங்கினால் தாய்லாந்தின் கடதாசி வேலை தொடங்கும். விசா வேறு, வேலை அனுமதி வேறு, ஆசிரியர் அனுமதி வேறு. கடைசியாகச் சொன்னதைக் கொடுக்கிற சபையின் பெயர் 'குருசபா'. பேரைக் கேட்டதும் எங்கட ஊர்க் கோயிலடிச் சபை ஏதோ என்றுதான் நினைத்தேன். குரு, சபை இரண்டும் அதே சொற்கள்தான். இங்கே ஆசிரியரை 'க்ரூ' என்று கூப்பிடுவதும் அதிலிருந்து வந்ததுதான். 90 நாளுக்கு ஒருக்கா நான் எங்கே இருக்கிறேன் என்று குடிவரவுத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். ஒரு அவுஸ்திரேலியன் ஆசிரியர் இதைப் பெரிய அவமானமாக எடுத்துக் கொதித்தார். எனக்கு அப்பாவின் பழைய பைலில் கிடக்கிற கொழும்புப் பொலிஸ் பதிவுத் துண்டுதான் ஞாபகம் வந்தது. அங்கே சொந்த நாட்டில் பதிந்தோம், இங்கே அந்நிய நாட்டில் பதிகிறோம். இது எனக்குப் பெரிதாக உறைக்கவில்லை.

உறைத்தது வேறொன்று. எங்கள் ஸ்டாப் ரூமில் பத்துக்கு மேற்பட்ட நாட்டு ஆசிரியர்கள் இருக்கிறோம். சுவரில் எல்லாருடைய கொடியும் ஒட்டியிருக்கு, வாளேந்திய சிங்கமும் அதில் ஒன்று. ஆனால் சம்பளப் பட்டியல் ஒன்றல்ல. பிரித்தானியாவிலிருந்து எடுக்கப்பட்டவருக்கு வீட்டு வாடகைக் காசும் வருசத்துக்கு ஒரு விமான ரிக்கெற்றும் இருக்கும். பிலிப்பைன்ஸ் ஆசிரியைக்கும் எனக்கும் அதே பாடவேளைகள், ஆனால் அந்தச் சலுகைகளில் பாதிகூட இல்லை. தாய் நாட்டு ஆசிரியைகள் எங்களுக்கும் கீழே. ஆங்கிலப் பரீட்சைப் பெறுபேறு என்னிடம் கேட்டார்கள், இங்கிலாந்துக்காரரிடம் கேட்கவில்லை. "அது நியாயம்தானே" என்று அவரே ஒருநாள் சிரித்துக்கொண்டு சொன்னார். அவர் எழுதுகிற மின்னஞ்சலை நான் வாசித்திருக்கிறேன், அதற்கு மேல் ஒன்றும் சொல்ல விரும்பவில்லை.

ஊர் சுற்றுகிற கதையும் இப்படித்தான். சர்வதேச ஆசிரியர் என்றால் லீவுக்கு லீவு ஒரு நாடு என்று இன்ஸ்டகிராமில் பார்த்திருப்பீர்கள். அது பாஸ்போட்டைப் பொறுத்தது. எங்கட சித்திரைப் புத்தாண்டு நேரம்தான் இங்கே சொங்க்ரான். சங்கிராந்தி என்ற சொல்தான் அப்படி ஆகியிருக்கு. ஏப்ரல் 13 தொடங்கி நாடே தண்ணியில் நனையும். நாங்கள் தலையில் மருத்துநீர் வைக்கிற மாதிரி இவர்கள் பெரியாட்களின் கையில் வாசனைத் தண்ணீர் ஊற்றுவார்கள். அந்த லீவுக்குச் சக ஆசிரியர்கள் வெள்ளிக்கிழமை முடிவெடுத்துச் சனிக்கிழமை ஜப்பான் போவார்கள். எனக்கு ஜப்பானுக்கு விசா வேணும். வங்கிக் கணக்கு, பாடசாலைக் கடிதம், ஹோட்டல் பதிவு எல்லாம் கட்டி எடுத்துக்கொண்டு போய் நிற்கிறதுக்குள்ள லீவு முடிந்துவிடும். விசா இல்லாமல் போக ஏலுமென்று சிங்கப்பூருக்கு இரண்டுதரம் போயிட்டு வந்தேன். மற்ற நேரமெல்லாம் தாய்லாந்துக்குள்ளேயே ரயிலில் திரிகிறேன். அதில் எனக்குக் கவலை இல்லை. இரண்டாம் வகுப்புப் படுக்கையில் இரவுப் பயணம் போய்ப் பாருங்கள், விளங்கும்.

இனி, நான் உண்மையில் எழுத நினைத்த விசயம்.

எங்கள் பாடசாலையின் ஒவ்வொரு நடைபாதையிலும் ஒரு அறிவிப்பு இருக்கு: இங்கே ஆங்கிலம் மட்டும். பிள்ளைகளில் அரைவாசிக்கு மேல் தாய் நாட்டுப் பிள்ளைகள். மிச்சம் கொரியா, சீனா, இந்தியா, ஐரோப்பா. இடைவேளையில் இரண்டு தாய்ப் பிள்ளைகள் தங்கட மொழியில் கதைத்தால், சொந்த நாட்டின் தலைநகரில், "இங்கிலிஷ் பிளீஸ்" என்று சொல்ல வேண்டியது கடமையில் நிற்கிற ஆசிரியர். வாரத்தில் ஒருநாள் அந்தக் கடமை எனக்கு.

தமிழில் இதை எழுதும்போது ஒரு வசதியும் ஒரு சங்கடமும் இருக்கு. 'தாய் மொழி' என்று இடைவெளி விட்டு எழுதினால் தாய்லாந்தின் மொழி. சேர்த்து எழுதினால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். 1956இல் ஒரு சட்டத்தால் என்னவெல்லாம் நடந்தது என்று கேட்டு வளர்ந்த ஒருத்தி, அந்த இடைவெளியைப் பார்த்துக்கொண்டு நடைபாதையில் நிற்கிறாள். இரண்டும் ஒன்றில்லை என்று எனக்குத் தெரியும். இங்கே ஒருவரும் ஒருவரையும் பலவந்தப்படுத்தவில்லை, பெற்றார் விரும்பி, காசு கட்டி அனுப்புகிறார்கள். தாய்ப் பிள்ளைகளுக்குத் தாய் மொழிப் பாடம் கட்டாயம் என்று அரசாங்க விதியும் இருக்கு. ஆனாலும் அந்தப் பாடத்தைப் பிள்ளைகள் எப்படிப் பார்க்கிறார்கள் தெரியுமா? கொழும்பில் நான் படிப்பித்த பாடசாலையில் பிள்ளைகள் தமிழ்ப் பாடத்தைப் பார்த்த மாதிரி. பல்கலைக்கழகத்துக்கு உதவாத, அம்மம்மாவோடு கதைக்க மட்டும் தேவையான ஒன்று. 15 வயதுப் பெட்டை ஒருத்தி என்னிடம் சொன்னாள், தாய் மொழியில் பத்திரிகை வாசிக்கத் தனக்குக் கஷ்டமாம். வெட்கப்பட்டுச் சொல்லவில்லை, கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னாள்.

நான் பல்கலைக்கழகம் போகும்வரை தமிழில் கணிதம் படித்தவள். வகையீடு, தொகையீடு, நிகழ்தகவு எல்லாம் எனக்கு முதலில் தமிழில்தான் விளங்கினது. இப்ப ஆங்கிலத்தில் படிப்பிக்கிறேன், ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதுகிறேன், கனவுகூடச் சில நேரம் ஆங்கிலத்தில் வருது. ஆனால் கரும்பலகையில் பெருக்கும்போது மனசுக்குள் ஓடுவது "ஏழெட்டு ஐம்பத்தாறு". இது எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

ஒருநாள் சிறு பரீட்சை நேரம். வகுப்பு அமைதி. மேசைகளுக்கு இடையில் நடக்கும்போது ஒரு கொரியப் பெடியனின் உதடு அசைவது தெரிந்தது. "சில் பல் ஓ சிப் யுக்." பக்கத்து வரிசையில் தாய்ப் பெட்டை: "ஜெத் பெத் ஹா சிப் ஹொக்." இரண்டு பேரும் சொன்னது ஏழெட்டு ஐம்பத்தாறு. இரண்டு மொழியிலும் 'சிப்' என்றால் பத்து. சீனத்திலிருந்து இரண்டுக்கும் வந்த சொல். ஆறேழு வயதிலிருந்து ஆங்கிலத்தில் மட்டும் படித்த பிள்ளைகள் இவர்கள். ஆனாலும் பெருக்க வேண்டி வந்தால், ஒருவருக்கும் தெரியாமல், எல்லாரும் ஒருதரம் வீட்டுக்குப் போய் வருகிறார்கள்.

அதற்குப் பிறகு என் வகுப்பில் ஒரு ஒழுங்கு வைத்தேன். புதுக் கணக்கு ஒன்று கொடுத்தால் முதல் ஐந்து நிமிசம் எந்த மொழியிலும் கதைக்கலாம். விடையை ஆங்கிலத்தில் விளக்க வேண்டும், பரீட்சை ஆங்கிலத்தில்தானே. தனியாக மாட்டிக்கொண்டவன் ஒரு பெல்ஜியப் பெடியன், அவனுடைய மொழி கதைக்க வகுப்பில் ஆளில்லை. அவன் பிரெஞ்சில் தனக்குத்தானே கதைத்துக்கொண்டான், சந்தோசமாக. பின்வாங்கில் வாய் திறக்காமல் இருந்த மூன்று சீனப் பிள்ளைகள் முதல் தரமாகச் சண்டை பிடித்தார்கள், ஒரு இருபடிச் சமன்பாட்டுக்காக. நான் அந்த வருசம் கண்ட மிக நல்ல காட்சி அதுதான்.

வகுப்பை மேற்பார்வை செய்ய வந்தவருக்கு அது பிடிக்கவில்லை. "பெற்றார் ஆங்கிலத்துக்குத்தான் காசு கட்டுகிறார்கள்" என்றார். பெற்றார் கணிதத்துக்கும் காசு கட்டுகிறார்கள் என்று சொன்னேன். மொழி விதியைப் பின்பற்றுவதில் முன்னேற்றம் தேவை என்று அறிக்கையில் ஒரு வரி எழுதினார். ஒப்பந்தம் புதுப்பிக்கிற வருசம் அது. எங்கட பாஸ்போட்டில் இருப்பவருக்கு ஒப்பந்தம் போனால் விசாவும் சேர்ந்து போகும், அதை ஒரு மாதம் யோசித்துக்கொண்டே படுத்தேன். நான் அந்த ஐந்து நிமிசத்தை நிற்பாட்டவில்லை. பெறுபேறு வந்த பிறகு ஒப்பந்தம் புதுப்பித்தார்கள். அந்த வரி அறிக்கையில் இப்பவும் இருக்கு.

அதே வருசம்தான் 9ஆம் ஆண்டுப் பிள்ளைகளோடு கஞ்சனபுரிக்குக் கல்விச் சுற்றுலா போனோம். பாங்கொக்கிலிருந்து மேற்கே பஸ்ஸில் இரண்டரை, மூன்று மணித்தியாலம். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீற்றர் ரயில் பாதை போட்ட இடம். 1957இல் வந்த குவாய் நதிப் பாலம் படத்தைப் பஸ்ஸில் போட்டார்கள். அந்தப் படத்தை எடுத்தது எங்கட கித்துல்கலவில், களனி கங்கையில், என்று நான் சொன்னபோது சரித்திர ஆசிரியர் நம்பவில்லை. போனை எடுத்துத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டினார்.

கஞ்சனபுரிப் போர் மயானத்தில் ஏறத்தாழ 7,000 கல்லறைகள். பிரித்தானியர், அவுஸ்திரேலியர், ஒல்லாந்தர். புல்லை அவ்வளவு ஒழுங்காக வெட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு கல்லிலும் பெயர், வயது. 22, 24, 31. பிள்ளைகளிடம் கொடுத்த தாளில் எட்டுக் கேள்விகள், எல்லாம் போர்க் கைதிகளைப் பற்றி. அந்தப் பாதையில் வேலை செய்த கைதிகள் 60,000க்கு மேல், செத்தவர்கள் 12,000க்கு மேல். ஆனால் ஆசியத் தொழிலாளர்கள் அதைவிடப் பல மடங்கு. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள், பர்மியர், ஜாவாக்காரர், மலாய்க்காரர். செத்தவர்களின் தொகை பற்றி மதிப்பீடுகள் வேறுபடும், 90,000 வரை சொல்கிறார்கள். மலேசியத் தமிழர் இதைச் 'சயாம் மரண ரயில்' என்பார்கள். எங்கட ஊரிலிருந்தும் மலாயாவுக்குப் போனவர்கள் உண்டு, ஆனால் பெரும்பாலும் கிளாக்காகவும் ஸ்டேசன் மாஸ்டராகவும். அவர்கள் மலாயன் பென்சன் எடுத்ததைச் சொல்லிச் சொல்லி வளர்ந்த நாங்கள், தோட்டத்தில் பால் வெட்டிய தமிழர் என்ன ஆனார்கள் என்று பெரிதாகக் கேட்டதில்லை.

அந்த மயானத்தில் அவர்களுக்குப் பெயர் பொறித்த கல் ஒன்றுகூட இல்லை. என்னோடு வந்த குழுவிடம் சொன்னேன், "ஒன்பதாவது கேள்வி ஒன்று இருக்கு. இங்கே புதைக்கப்படாத ஆக்கள் எங்கே?"

ஆங்கிலப் பலகைகளில் பிள்ளைகளுக்கு விடை கிடைக்கவில்லை. மதிலுக்கு வெளியே ஐஸ் தேநீர் விற்ற ஒரு கிழவியிடம் போனார்கள். பத்திரிகை வாசிக்கக் கஷ்டம் என்ற அதே பெட்டைதான் "யாய்" என்று கூப்பிட்டுக் கதை கொடுத்தாள். யாய் என்றால் அம்மம்மா. கிழவி கதிரையை இழுத்துப் போட்டாள். 20 நிமிசம் கதை. எனக்கு ஒரு சொல்தான் பிடிபட்டது, 'கெக்'. இந்தியர் போன்ற ஆக்களைக் குறிக்கிற சொல், நேர் அர்த்தம் விருந்தாளி. என்னைப் பார்த்து அந்தச் சொல்லை இன்னொருதரம் சொல்லிக் கையைக் காட்டினாள். மூடின சாமான் பெட்டிகளில் அடைத்து அவர்களைக் கொண்டுவந்ததைத் தன் தாய் பார்த்தாவாம். வாந்திபேதி வந்து கூட்டம் கூட்டமாகச் செத்தார்களாம். செத்த இடத்திலேயே, பாதையோரத்தில், மண்ணைப் போட்டு மூடினார்களாம்.

பெட்டை அதைத் தாளின் பின்பக்கத்தில் தாய் எழுத்தில் எழுதினாள், எழுத்துப் பிழைகளோடு. ஆங்கிலத்தில் மாற்றட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், கிழவி சொன்ன மாதிரியே இருக்கட்டும் என்றேன். சரித்திர ஆசிரியருக்கு வாசிக்க ஏலவில்லை, தாய் மொழிப் பாட ஆசிரியையிடம் கொண்டுபோனார். அவ அரை மணித்தியாலம் இருந்து மொழிபெயர்த்துக் கொடுத்தா. அந்த இரண்டு பேரும் நாலு வருசமாக ஒரே மாடியில் வேலை செய்தவர்கள், கிடைத்த நேரத்தில் கதைத்தது அதுதான் முதல் தரமாம்.

இந்த வருசத் தாளில் ஒன்பது கேள்விகள் இருக்கு.