மலையைக் கேட்டு ஒரு மனை

ஹிலோ, ஹவாய்த் தீவு

அன்புள்ள அத்தானுக்கு,

போன வாரம் போனில் நீங்கள் கேட்ட கேள்விகளுக்கு ஒரே மூச்சில் பதில் சொல்லிவிடலாம். பத்திரம் யார் பெயரில் இருக்கிறது, தாய்ப்பத்திரம் பார்த்தாயிற்றா, எத்தனை வருடத்துக்கு வில்லங்கம் போட்டீர்கள்? ஹவாய் மாநிலம் முழுக்கத் தீவு தீவாகச் சிதறிக் கிடந்தாலும் பத்திரப் பதிவுக்கு ஹோனலூலுவில் ஒரே ஓர் அலுவலகம்தான். கிரயப் பணத்தை எஸ்க்ரோ கம்பெனி என்ற மூன்றாம் ஆள் பிடித்து வைத்திருப்பார். வில்லங்கத்தை டைட்டில் கம்பெனி தேடும். தேடியதில் கோட்டைவிட்டால் நஷ்டத்தை ஈடுகட்ட இன்ஷூரன்ஸும் அதுவே விற்கும். சார்பதிவாளர் அலுவலக வாசலில் பத்திர எழுத்தர்கள் பார்க்கும் வேலையை இங்கே ஏசி அறையில் பார்க்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

எங்களை அலைக்கழிப்பது நீங்கள் கேட்காத ஒரு கேள்வி. இந்த நிலம் எப்போது உண்டானது? நம் ஊரில் யாரும் இதைக் கேட்க மாட்டார்கள். தாமிரபரணிக் கரை வயல் எப்போது உண்டானது என்று கேட்டால் தரகர் என்னை ஒரு மாதிரி பார்ப்பார். இங்கே தரகரே அந்தக் கணக்கை எடுத்து வைக்கிறார். விற்பனைக்கு வந்து நாங்கள் பார்த்த சில மனைகளுக்கு என்னைவிட வயது குறைவு.

நாங்கள் இருப்பது பெரிய தீவு. பரப்பு சுமார் 10,400 சதுர கிலோமீட்டர். மாநிலத்தின் மற்ற தீவுகளையெல்லாம் ஒன்று சேர்த்தாலும் இதற்கு ஈடாகாது. ஐந்து எரிமலைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து உண்டாக்கிய தீவு இது. வடக்கே கொஹாலா 60,000 வருடங்களுக்கும் மேலாக அணைந்து கிடக்கிறது. மௌனா கேயா கடைசியாகக் கக்கி நாலாயிரத்துச் சொச்சம் வருடம் ஆகிறது. மேற்கே ஹுவாலலாய் 1801-ல் வழிந்தது. கோனா விமான நிலையம் அந்தப் பாறையின் மேல்தான் நிற்கிறது. மௌனா லோவா 1984-க்குப் பிறகு தூங்கிவிட்டு 2022 நவம்பரில் விழித்தது. கிலாவேயாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 1983-ல் ஆரம்பித்து 2018 வரை 35 வருடம் ஓயவில்லை. 2024 டிசம்பரில் மறுபடி தொடங்கி, விட்டு விட்டு நெருப்பை விசிறிக்கொண்டிருந்தது.

இதையெல்லாம் பார்த்து அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறை தீவை ஒன்பது மண்டலங்களாகப் பிரித்து ஒரு வரைபடம் போட்டிருக்கிறது. முதல் வரைபடம் 1974-ல் வந்தது, பிறகு திருத்தினார்கள். ஒன்றாம் மண்டலம் என்றால் எரிமலையின் வாயும் அதன் வெடிப்புக்கோடுகளும். 1800-க்குப் பிறகு மட்டும் அதில் கால் பங்குக்கு மேல் லாவா மூடியிருக்கிறது. ஒன்பதாம் மண்டலம் கொஹாலா. ஒவ்வொரு மனை விளம்பரத்திலும் சதுர அடிக்குப் பக்கத்திலேயே மண்டல எண்ணும் இருக்கும். விலைப் பட்டியலையும் வரைபடத்தையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் போதும், இந்தத் தீவின் ரியல் எஸ்டேட் பாடம் பாதி முடிந்தது. கடலோரமாக, மழை பெய்து, பச்சைப் பசேலென்று, ஒரு ஏக்கர் மலிவாகக் கிடைக்கிறது என்றால் எண்ணைப் பார்க்காமலே சொல்லிவிடலாம், பெரும்பாலும் ஒன்று முதல் மூன்றுக்குள்.

அந்த மலிவு மனைகளில் பெரும்பகுதி தீவின் கிழக்கு மூலையில் பூனா என்ற வட்டாரத்தில் இருக்கிறது. உங்கள் பட்டாளத்து நண்பர் இருந்த பூனா இல்லை. 1950-களின் கடைசியில் புரொமோட்டர்கள் வந்து லாவாக் காட்டைக் கோடு கிழித்து மனை போட்டார்கள். பெருநிலத்து அமெரிக்கர்கள் விளம்பரத்தைப் பார்த்து, கண்ணால் பார்க்காமலே தபாலில் பணம் அனுப்பி வாங்கினார்கள். ஹவாயன் பாரடைஸ் பார்க் என்ற ஒரே நகரில் 8,800 மனைகளுக்கு மேல், ஒவ்வொன்றும் ஒரு ஏக்கர், நம் கணக்கில் 18 கிரவுண்ட். ரோடு தனியார் ரோடு, நிறைய இடத்தில் ஜல்லிதான். குடிநீர்க் குழாய் கிடையாது, சாக்கடைக் குழாய் கிடையாது. "மனை வாங்கினால் தங்கக் காசு இலவசம்" என்று நம் பைபாஸ் ஓரத்தில் பந்தல் போடுகிறவர்கள் பார்த்தால் பெருமூச்சு விடுவார்கள்.

பூனாவிலேயே லெய்லானி எஸ்டேட்ஸ் என்று ஒரு நகர். ஒன்றாம் மண்டலம். 2018 மே 3-ஆம் தேதி அதன் தெருவில் நிலம் பிளந்து நெருப்பு வந்தது. அடுத்த வாரங்களில் மொத்தம் 24 பிளவுகள். எட்டாவது பிளவிலிருந்து ஆறாக ஓடிய லாவா கடலுக்குப் போய் கபோஹோ விரிகுடாவையே நிரப்பிவிட்டது. அங்கே இருந்த பசுமை ஏரி என்ற நன்னீர் ஏரி சில மணி நேரத்தில் ஆவியாகப் போய்விட்டது. எழுநூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள் போயின. யார் வீட்டிலும் எந்தத் தவறும் இல்லை. கட்டுமானம் சரி, பத்திரம் சரி, வரி கட்டிய ரசீதும் இருந்தது.

இங்கே உங்களுக்குப் பிடிக்கக்கூடிய ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும். 1955-ல் பூனாவில் லாவா கடலில் இறங்கிக் கரைக்கு அப்பால் புதிதாக ஏழெட்டு ஏக்கர் நிலம் உண்டாயிற்று. கரையோர மனையைப் பிறகு வாங்கியவர்கள் புது நிலமும் எங்களுடையதே என்றார்கள். ஆறு மண் சேர்த்துக் கொடுத்தால் கரைக்காரனுக்குச் சேரும் என்ற பழைய சட்டத்தைக் காட்டினார்கள். 1977-ல் ஹவாய் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. எரிமலை உண்டாக்கிய புது நிலம் மாநில மக்களுக்கே பொதுச் சொத்து என்றது. லாவா உங்கள் மனையை மூடினால் மூடிய பாறை உங்களுடையது, வரைபடத்தில் அதே நான்கு எல்லை. கடலைத் தள்ளிக்கொண்டு போனால் அந்தப் பங்கு அரசுக்கு. நஷ்டம் தனியாருக்கு, லாபம் பொதுவுக்கு. எனக்கு இந்தத் தீர்ப்பு நியாயமாகத்தான் படுகிறது, என் வீட்டுக்காரர் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறார்.

அப்படியானால் அங்கே யார் வாங்குகிறார்கள் என்பீர்கள். வாங்குகிறார்கள். முதல் இரண்டு மண்டலத்து வீடுகளைக் கண்டாலே சாதாரண இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் நழுவியதால் 1991-ல் சட்டசபை அதற்கென்றே ஓர் இன்ஷூரன்ஸ் அமைப்பை உண்டாக்க வேண்டியிருந்தது. கடன் கொடுக்கும் பாங்குகளும் தயங்குகின்றன. ஆனால் ஹோட்டலில் வேலை பார்ப்பவர், பள்ளிக்கூட ஆசிரியர், இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் எல்லோருக்கும் கைக்கு எட்டுவது அந்த மண்டலங்கள்தான். 2018-ல் தப்பித்த லெய்லானி வீடுகளுக்கு ஆட்கள் திரும்பிவந்து குடியிருக்கிறார்கள். எரிமலைத் தெய்வம் பேலே. நிலம் அவளுடையது, அவள் கேட்டால் கொடுத்துவிட வேண்டியதுதான் என்று பேசுகிறவர்களை மூடநம்பிக்கைக்காரர்கள் என்று சிரிக்க எனக்கு வாய் வரவில்லை. முப்பது வருடக் கடன் கணக்குப் போடுகிற என்னைவிட அவர்கள் மலையைச் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். லாவாப் பாறையில் பெய்த மழை அப்படியே உள்ளே போய்விடும். கிணறு வெட்டினால் எங்கே போய் நிற்கும் என்று தெரியாது. ஆகவே கூரைத் தண்ணீர்தான். பெரிய இரும்புத் தொட்டி, உள்ளே பிளாஸ்டிக் விரிப்பு, வடிகட்டி, புற ஊதா விளக்கு. குளிக்கத் துவைக்க இது. குடிக்கச் சிலர் கவுன்டி வைத்திருக்கும் பொதுக் குழாயில் கேன் பிடித்து வருகிறார்கள். தமிழ்நாட்டில் 2003-ல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது முனகிக்கொண்டே குழாய் போட்டோமே, இங்கே அது இல்லாவிட்டால் காலையில் பல் விளக்க முடியாது. ஹிலோவில் வருடத்துக்கு 3,200 மில்லிமீட்டர் மழை. காரில் இரண்டு மணி நேரத்துக்குள் மலையைச் சுற்றி மேற்கே கவாய்ஹே போனால் 250 மில்லிமீட்டர்கூடத் தேறாது. தொட்டி எவ்வளவு பெரிதாக வேண்டும் என்பதை மலையின் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்பதுதான் முடிவு செய்கிறது.

கோனாப் பக்கம் வெயில், கடற்கரை, காபித் தோட்டம், பணக்காரர்கள். பார்த்தோம், விலையைக் கேட்டோம், திரும்பினோம். ஹிலோ ஊருக்குள் வாங்கலாம், ஆனால் கடற்கரையோரம் கூடாது. 1946-லும் 1960-லும் சுனாமி ஊரின் முகப்பையே அடித்துக்கொண்டு போனதால் அந்த இடத்தைக் கட்டடமில்லாமல் பூங்காவாக விட்டிருக்கிறார்கள். நாகப்பட்டினத்தைப் பார்த்த நமக்கு அந்தப் புல்வெளியை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்று, மனை பார்க்கப் பகலில் மட்டும் போகக் கூடாது. போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்து சேர்ந்த கோக்கி என்ற சின்னத் தவளை பொழுது சாய்ந்ததும் கத்த ஆரம்பிக்கும். பக்கத்தில் நின்றால் 90 டெசிபல். தரகர் காட்டும் நேரமோ பெரும்பாலும் காலை பத்து மணி.

சாப்பாட்டுக்குக் குறையில்லை என்று அக்காவிடம் சொல்லுங்கள். சேம்பு, மஞ்சள், வாழை எல்லாம் பாலினீசியர்கள் படகில் கொண்டுவந்து நட்டவை. முருங்கைக்கீரை பிலிப்பினோக்காரர்கள் புண்ணியத்தில் ஹிலோ சந்தையில் கட்டுக் கட்டாகக் கிடைக்கிறது. கோயில்தான் தூரம். கவாய் தீவில் யாழ்ப்பாணத்து யோகர் சுவாமியிடம் தீட்சை பெற்ற அமெரிக்கர் சிவாய சுப்பிரமுனியசுவாமி நிறுவிய ஆதீனம் இருக்கிறது. நம் வை. கணபதி ஸ்தபதி வடிவமைத்து, பெங்களூரு பக்கம் கல் செதுக்கி, கப்பலில் கொண்டுவந்து எழுப்பிய இறைவன் கோயிலுக்கு 2023-ல் குடமுழுக்கு நடந்தது. ஆனால் இங்கிருந்து போக விமானம் ஏற வேண்டும்.

சுற்றி வந்து கடைசியில் நாங்கள் நிற்பது ஹிலோவுக்கு வடக்கே ஹமாக்குவா கரையில். மௌனா கேயாவின் சரிவு, எட்டாம் மண்டலம், பாறைக்குப் பதில் ஆழமான மண். நூறு வருடத்துக்கு மேல் கரும்பு விளைந்த பூமி. அங்கே கரும்புக் கம்பெனி 1994-ல் மூடியது. கரும்பு நிலத்தில் வேறொரு சங்கடம் உண்டு. அந்தக் காலத்தில் களையைக் கொல்ல ஆர்சனிக் தெளித்திருக்கிறார்கள். தீவின் பழைய கரும்புக் காடுகள் சிலவற்றில் அது இன்றும் மண்ணில் இருக்கிறது. மண்ணைச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறோம். கழிவுக் குழியையும் மாற்ற வேண்டும். 2050-க்குள் மாநிலம் முழுக்கப் பழைய உறிஞ்சுகுழிகளை ஒழிக்கச் சட்டம் போட்டிருக்கிறார்கள்.

இப்போது உண்மையான வில்லங்கத்துக்கு வருகிறேன் அத்தான். 1848-ல் அரசர் மூன்றாம் கமேஹமேஹா நிலத்தைப் பங்கு பிரித்துத் தனியார் உடைமை ஆக்கினார். 1850-லேயே அந்நியர்களும் வாங்கலாம் என்று சட்டம் வந்தது. அதே வருடம் குடியானவர்களுக்கும் தாங்கள் உழுத துண்டைக் கேட்டுப் பெற உரிமை வந்தது. பெற்றவர்கள் கொஞ்சம் பேர். 1893-ல் வெள்ளைக்கார வியாபாரிகளும் தோட்ட முதலாளிகளும் அமெரிக்கக் கடற்படையினர் கரையில் நிற்க அரசி லிலியுவோகலானியை இறக்கினார்கள். 1898-ல் அமெரிக்கா நாட்டையே சேர்த்துக்கொண்டது. அரசு நிலமும் அரச குடும்பத்து நிலமும் கைமாறின. 1993-ல் அமெரிக்கக் காங்கிரஸ் அதற்கு மன்னிப்புக் கேட்டுத் தீர்மானம் போட்டது, நிலம் ஒன்றும் திரும்பவில்லை. பூர்வகுடி ஹவாயர்களுக்கு வருடம் ஒரு டாலர் குத்தகைக்கு மனை தர 1921-ல் சட்டம் வந்தது. இன்றும் ஆயிரமாயிரம் பேர் வரிசையில் இருக்கிறார்கள். மனை வராமலே செத்தவர்கள் உண்டு. கலிபோர்னியாச் சம்பளத்தோடு வந்து இறங்கும் எங்களைப் போன்றவர்களால் விலை ஏறுகிறது என்று அவர்கள் சொல்வதில் பொய் இல்லை. டைட்டில் கம்பெனி இதையெல்லாம் வில்லங்கத்தில் சேர்ப்பதில்லை.

அந்த 1850-ஆம் வருடத்துக் குடியானவர் துண்டுகள் இன்றும் பெரிய நிலங்களின் நடுவே தீவு தீவாக இருக்கின்றன. உயில் எழுதாமல் தலைமுறை தலைமுறையாக வந்ததால் ஒரு துண்டுக்கு நூறு வாரிசுகூட இருக்கலாம். கவாயில் மார்க் ஸக்கர்பெர்க் தன் எழுநூறு ஏக்கருக்குள் இருந்த இப்படிப்பட்ட துண்டுகளின் உரிமையைத் தீர்க்க நூற்றுக்கணக்கானவர்கள் மேல் வழக்குப் போட்டார். ஊர் கொதித்ததும் 2017 ஜனவரியில் விலகிக்கொண்டார். நாங்கள் பார்த்திருக்கும் நிலத்துக்கு மேல்புறமும் அப்படி ஒரு துண்டு இருக்கிறது. சேம்பு போட்டிருக்கிறார்கள். அவர்கள் போய்வரும் பாதை எங்கள் எல்லைக்குள்தான் போகிறது, எந்தப் பத்திரத்திலும் அது எழுதப்படவில்லை. பாதையைப் பற்றிப் பேச்சே எடுக்காமல் வாங்குவது நல்லது, பிறகு பேரம் பேசலாம் என்று தரகர் யோசனை சொன்னார். நான் முடியாது என்று சொல்லிவிட்டேன். அந்தக் குடும்பத்துப் பெரியவரை இங்கே எல்லோரும் ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்க்கப் போகிறோம். அவர்கள் பாதை அவர்களுக்கே என்றைக்கும் உண்டு என்று பத்திரத்திலேயே எழுதிப் பதிவு செய்வதாகச் சொல்லப் போகிறேன்.

பாத்தியதைப் பாதை எழுதும்போது நீங்கள் அந்தக் காலத்தில் ஆள், மாடு, வண்டி என்று ஒரு நீளமான வாசகம் போடுவீர்களே, அதை அப்படியே எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். வக்கீலிடம் ஒவ்வொரு வரியாக விளக்கி ஆங்கிலத்தில் போடச் சொல்கிறேன். மாட்டை மட்டும் எடுத்துவிடலாமா என்று அவர் கேட்பார். வேண்டாம், இருக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் மைத்துனி