பானையில் ஒலித்த குரல்

நமது கல்லூரியின் விழா மலருக்கு யாதேனும் எழுதுமாறு பழைய மாணவர் சங்கத்தினர் பணித்தபோது, வகுப்பறையிற் கற்றவற்றுள் வாழ்க்கைக்கு உடனே உதவியது எது என எண்ணிப் பார்த்தேன். ஒரு மண்பானையும் அதன் வாயிற் பொருத்திய ஸ்பீக்கரும் நினைவிற்கு வந்தன.

1990ஆம் ஆண்டிலே குடாநாட்டில் மின்சாரம் நின்றது. பற்றரிக்கும் தடை வந்தது. துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையாற் சுழற்றி, டைனமோவின் மின்னை இருவாயிகளாற் சீராக்கி வானொலி கேட்டோம். உரும்பிராயில் எங்கள் வீட்டு முற்றத்திலும் பி.பி.சி. தமிழோசை கேட்க அயலவர் கூடுவர். பெட்டியின் சிறு ஸ்பீக்கர் அத்தனை பேருக்கும் போதவில்லை. செவி மந்தமான ஆச்சிக்கோ எதுவும் விளங்காது. "சண்டை நிக்குமாமோ தம்பி?" என்று ஒவ்வோர் இரவும் என்னையே கேட்பார்.

1994இன் பிற்பகுதியில், வெங்காயம் விற்ற பணத்தில் ஒரு பங்கை ஐயா என்னிடம் தந்தார். "100 உவாற்று" எனப் பொறித்த பெரியதொரு ஸ்பீக்கரைப் பெருமையோடு வாங்கி வந்தேன். கனத்த கூம்பு, தடித்த றப்பர் விளிம்பு. அன்றிரவு கை சோரச் சுழற்றியும் முணுமுணுப்பே எழுந்தது. ஐயா ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஏசியிருந்தால் ஆறுதலாயிருந்திருக்கும்.

மறுநாள் பௌதிகவியல் ஆசிரியரிடம் முறையிட்டேன். "தம்பி, 100 உவாற்று என்பது அது தாங்கக்கூடிய அளவு. தரக்கூடிய அளவு வேறு" என்றார். டைனமோ தருவது 6 உவோற்று, 3 உவாற்று. வானொலியிலிருந்து ஸ்பீக்கருக்குச் சேர்வது அதிலும் குறைவு. ஆதலால், ஓர் உவாற்றைக் கொடுத்தால் ஒரு மீற்றர் தூரத்தில் எத்தனை தெசிபெல் ஒலி கிடைக்கும் என்பதையே நோக்கவேண்டும். 95 தெசிபெல் தரும் ஸ்பீக்கர் ஓர் உவாற்றிற் செய்வதை, 85 தெசிபெல் தருவது 10 உவாற்றிலேதான் செய்யும்.

தாழ்ந்த ஒலிக்கொன்று, உயர்ந்த ஒலிக்கொன்று என இரண்டு வைத்தால், ஒலியைப் பிரிக்கும் 'குறொஸோவர்' சுற்று வேண்டும். உள்ள சிறு ஆற்றலிலும் அது பங்கு கேட்கும். தொலைபேசி ஏறக்குறைய 300 முதல் 3,400 ஏட்சு வரையுள்ள ஒலியையே அனுப்பியும் பேச்சு விளங்குகின்றதன்றோ? முழுவீச்சு ஸ்பீக்கர் ஒன்றே போதும். இலேசான கடதாசிக் கூம்பு, மடிப்புள்ள கடதாசி விளிம்பு, வலிய காந்தம், 5 அல்லது 6 அங்குல அகலம். உயர்ந்த ஒலிக்காக நடுவிலே சிறு கூம்பொன்றும் இருந்தால் நன்று. இவையே அவர் சொன்ன இலக்கணங்கள்.

அப்புவின் பழைய வால்வு வானொலி பரணிற் கிடந்தது. அதனுள் அத்தகைய ஸ்பீக்கரே இருந்தது! அதனை மண்பானையின் வாயில் வைத்து, சைக்கிள் ரியூப்பை வளையமாக வெட்டி இடைவெளியை அடைத்து, உள்ளே இலவம்பஞ்சு இட்டேன். கூம்பின் பின்புற ஒலி முன்புற ஒலியோடு கலந்து தாழ்ந்த ஒலியை அழிக்காதவாறு பானை காத்தது. மண்சுவர் அதிரவுமில்லை.

1995 ஜனவரியிற் போர்நிறுத்தச் செய்தியை ஆச்சி என்னைக் கேளாமலே கேட்டார். "விளங்குது தம்பி, நிண்டிட்டுதாம்" என்றார்.

ஏப்ரலிற் போர் மீண்டது. ஒக்ரோபர் 30இல் வலிகாமம் முழுவதும் வீதியில் இறங்கியபோது பானையை விட்டுச் சென்றோம். ஆச்சி தென்மராட்சியிலே காலமானார். 1996இல் நாம் திரும்பியபோது பானை உடைந்து கிடந்தது. கடதாசிக் கூம்பைக் கறையான் தின்றிருந்தது.

இன்று மாணவர் விரும்பிய முழுவீச்சு ஸ்பீக்கரை எளிதில் வாங்கலாம். வாங்குமுன், அது எவ்வளவு தாங்கும் என்று பார்ப்பதன் முன்னர், சிறிது பெற்று எவ்வளவு தரும் என்று பாருங்கள். எம்மைக் கற்பித்த ஆசிரியர்களையும் அவ்வளவையாலேயே அளக்கின்றேன்.